மக்காச்சோளக் கொல்லையில் தொங்கிய சிடி

அம்மா என்னைக் கள்ளக்குறிச்சிக்கு அனுப்பியது ஒரே ஒரு வேலைக்கு. மலையில் தனியாக உட்கார்ந்திருக்கும் தங்கச்சியைப் பெட்டி படுக்கையோடு பாளையங்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். "அப்படியே ஊரையும் பாத்துட்டு வா" என்று வேறு சொன்னாள், ஏதோ என்னைச் சுற்றுலாவுக்கு அனுப்புகிற மாதிரி. நான் வற்றல் வடகம் போட்டு விற்கிறவள். நல்ல வெயில் காலத்தில் மொட்டை மாடியை விட்டுவிட்டு ஊர் சுற்றுவது எனக்குக் கட்டுப்படியாகாது. ஆனாலும் கிளம்பினேன். தங்கச்சி ஆயிற்றே.

என் தங்கை செண்பகம் அரசாங்க நர்ஸ். கல்வராயன் மலையில் வேலை. வேலைக்குப் போன இடத்திலேயே மலைக்குக் கீழே ஒரு விவசாயக் குடும்பத்தில் பெண் கேட்டார்கள். மாப்பிள்ளை பெயர் கொளஞ்சி. எங்கள் பக்கம் கேள்விப்படாத பெயர். பத்திரிகை அடிக்கும்போது அச்சகத்தில் நாலு தடவை எழுத்தைத் திருத்த வேண்டியிருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு செண்பகம் தினமும் பஸ்ஸில் மலை ஏறி, பஸ்ஸில் இறங்கிக்கொண்டிருந்தாள். போன மாதம் ஒருநாள் ஏறியவள் இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் உள்ள குவார்ட்டர்ஸிலேயே தங்கிவிட்டாள்.

போனில் காரணம் கேட்டால், "அக்கா, என் சிடிய எடுத்துக் கிளி விரட்டக் கட்டித் தொங்கவிட்டுட்டாவ" என்றாள். மறுபடியும் கேட்டேன். மறுபடியும் அதையே சொன்னாள். கிளிக்கும் சிடிக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் அம்மாவும் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம்.

விடை சின்னசேலம் ஸ்டேஷனில் இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே கிடைத்துவிட்டது. பஸ் ஜன்னலுக்கு வெளியே வயல் முழுக்கச் சின்னச் சின்னச் சூரியன்கள் கண்ணைக் குத்தின. உற்றுப் பார்த்தால் அத்தனையும் சிடி. கயிற்றில் வரிசையாகக் கட்டி, காற்றில் சுழல விட்டிருந்தார்கள். வெளிச்சம் பளிச்சென்று அடித்தால் கிளி கதிர்மேல் உட்காராதாம். எங்கள் ஊரில் வைக்கோல் பொம்மைக்குச் சட்டை மாட்டிவிடுவோம். இங்கே கல்யாண வீடியோவைக் கட்டிவிடுகிறார்கள்.

கள்ளக்குறிச்சியில் மாறி ஏறிய டவுன் பஸ் ஒரு கரும்பு டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு மாட்டு வண்டி வேகத்தில் ஊர்ந்தது. முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"எங்க கொல்லையில எங்க மாமனாரு அறுபதாம் கல்யாணத் தட்டக் கட்டிட்டோம். கிளியே வரதில்ல."

"உங்க மாமனாரு மூஞ்சியப் பாத்தா கிளி இன்னா, நாங்களே ஓடிடுவோம்."

பஸ்ஸே சிரித்தது. கொல்லை என்றால் இங்கே வயல்காடு என்பதும், தட்டு என்றால் சிடி என்பதும் அந்தச் சிரிப்போடு எனக்குப் புரிந்துவிட்டது. தங்கச்சியின் துக்கத்தை விசாரிக்க வந்தவள் நானும் சேர்ந்து சிரித்தேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

கச்சிராயபாளையத்தில் கொளஞ்சி பழைய வெள்ளைக் காரோடு காத்திருந்தார். "வாங்க அக்கா" என்றார். அவ்வளவுதான். பேச்சில் மனிதர் அத்தனை சிக்கனம். சாவியைத் திருப்பியதும் ஸ்டீரியோவில் அம்மன் பாட்டு பிய்த்துக்கொண்டு கிளம்பியது. அவருடைய அம்மாவுக்குப் பிடித்த பாட்டுகளாம். அது முடிந்ததும் அவருடைய தம்பிக்குப் பிடித்த குத்துப்பாட்டு. எல்லாம் ஒரே சிடியில். அந்த ஸ்டீரியோவில் சிடி போடும் வாயைத் தவிர வேறு வழியே கிடையாது. போனை இணைக்க முடியாது. புதுசு மாட்டக்கூடாதா என்றால், "ஓடிக்கினு தான கீது" என்றார்.

வீட்டில் அவருடைய அம்மா கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டார். எங்கள் ஊரில் களி என்றால் உளுந்தங்களிதான், கருப்பட்டி போட்டுக் கிண்டுவது. இது உருண்டையாகத் தட்டில் உட்கார்ந்து என்னை முறைத்தது. குழம்பில் தோய்த்து விழுங்கு, கடிக்காதே என்றார் அந்த அம்மாள். விழுங்கினேன். இரண்டாவது உருண்டையை நானே கேட்டு வாங்கினேன்.

"ஒரு தட்டுக்காவ வூட்ட வுட்டுப் போவாங்களாம்மா? நீயே சொல்லு. நான் ஒரு வார்த்த சொன்னதில்ல அந்தப் பொண்ண" என்றார். குரலில் கோபம் கம்மி, வருத்தம்தான் ஜாஸ்தி. குழம்பு நன்றாக இருக்கிறது என்றேன்.

சாயங்காலம் கொளஞ்சி என்னைக் கொல்லைக்கு அழைத்துப்போனார். ஒரு கயிற்றில் மட்டும் நடுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே செண்பகத்தின் சிடி. கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் ஊரில் ஒரு கடையில் பதிந்து வாங்கிக்கொண்டு வந்தது. வெயிலும் மழையும் பட்டு வெள்ளிப் பூச்சு வெங்காயத் தோல் மாதிரி உரிந்திருந்தது.

"சோப்பு போட்டுக் கழுவனேன் அக்கா. சரியாவல."

"ஏன் மாப்பிள்ளை இதைப் போய்க் கட்டுனீங்க?"

"வண்டில போட்டேன், எர்ரர்னு வந்துச்சு. பாடாத தட்டுன்னு நெனச்சிட்டேன். அப்ப கிளி வேற ஜாஸ்தி."

"அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேக்கல." சிடியை மறுபடியும் கைக்குட்டையில் சுற்றினார். "அவ பஸ்ல வரச்சே பாத்துட்டா. எறங்கி வந்து இங்கயே நின்னா. மறுநா மலைக்குப் போனவதான். அஞ்சு வருசமா இந்தத் தட்டப் போடுங்கன்னு சொல்லிக்கினே இருந்தா. அப்பறம், அப்பறம்னு வுட்டுட்டேன். நீங்க இட்டுக்கினு போயிட்டீங்கன்னா திரும்பி வரமாட்டா அக்கா. ஒரு நாள் குடுங்க. அதே பாட்டுங்கள வேற தட்டுல ஏத்திக்கினு போலாம்."

அந்த மனிதர் அவ்வளவு பேசியதே எனக்குப் பாதி மன்னிப்பாகத் தெரிந்தது. ஒரு நாள் கொடுத்தேன்.

மறுநாள் கள்ளக்குறிச்சி. கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனோம். காலி சிடி வேண்டும் என்றதும் கடைக்காரர் நிமிரவே இல்லை. "எந்தக் கொல்லைக்குங்க? கம்புக்கா, மக்காச்சோளத்துக்கா?"

"பாட்டு ஏத்தணும்" என்றார் கொளஞ்சி.

அப்போதுதான் நிமிர்ந்தார். "பாட்டா? தட்டுலயா?" பிறகு என்னைப் பார்த்துவிட்டு, "ஓ, பெரியவங்களுக்கா" என்றார். நான் அவருக்கு அக்காகூட ஆக மாட்டேன். தங்கச்சி காரியம் என்பதால் பொறுத்துக்கொண்டேன்.

முதலில் டிவிடியை எடுத்தார். கார் ஸ்டீரியோ அதைப் படிக்காது என்று கொளஞ்சி சொல்லவும், அலமாரிக்கு அடியில் தலையை விட்டுத் தூசு தட்டி இரண்டு சிடிகளைப் பிடித்துவந்தார். பாட்டு நிறைய என்றால் இரண்டும் தேவைப்படும் என்றார். அவருக்கு ஒரு வழக்கம். முதலில் உறையில் பெயரை எழுதிவிடுவார், பிறகுதான் பதிவார். இல்லாவிட்டால் ஒரு கல்யாணத்தார் வீடியோ இன்னொரு கல்யாணத்தாரிடம் போய்விடுமாம். அப்படி ஒருமுறை போய், மாப்பிள்ளை வீட்டார் வேறு பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். "செண்பகம் 1", "செண்பகம் 2" என்று கொட்டை எழுத்தில் எழுதினார்.

"அவளுக்கு இன்னா பாட்டு புடிக்கும் அக்கா? தட்டுல இன்னா இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது" என்றார் கொளஞ்சி.

"எனக்குத் தெரியாதா? நான் தூக்கி வளத்த புள்ள அவ" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சொல்லச் சொல்லக் கடைக்காரர் தேடி எடுத்தார். மழைப் பாட்டு, ஆற்றங்கரைப் பாட்டு, கதாநாயகி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழும் பாட்டு. ஒவ்வொன்றையும் இரண்டு வரி போட்டுக் காட்டச் சொல்லி, இதுதான், இதுதான் என்று தலையாட்டினேன். இத்தனை பாட்டு எனக்கு நினைவில் இருப்பதைக் கண்டு நானே அசந்துபோனேன். கொளஞ்சி பரீட்சைக்குப் படிக்கிறவர் மாதிரி உதட்டை அசைத்துக்கொண்டே கேட்டார்.

முதல் சிடி பதிந்து வெளியே வந்தது. இரண்டாவதைக் கையில் எடுத்தபோது கரண்ட் போனது.

பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் கரும்புச் சாறு குடித்தோம். புரோட்டா தின்றோம். இங்கே புரோட்டா பெரிது, சால்னா தண்ணி. எங்கள் ஊரில் புரோட்டா சின்னது, சால்னாவில் விரல் நிற்கும். இதைக் கொளஞ்சியிடம் எடுத்துச் சொன்னேன். "அப்படிங்களா" என்றார். திரும்பிப் போனபோது கரண்ட் வந்திருந்தது. ஸ்டுடியோவுக்குள் ஒரு காதுகுத்துக் கூட்டமே நின்றுகொண்டிருந்தது. கடைக்காரர் அவர்களுக்கு நடுவிலிருந்து கையை நீட்டி இரண்டு உறைகளையும் கொடுத்தார்.

மூன்றாம் நாள் மலை. கொளஞ்சி அம்மன் சிடியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டார். புதுசைப் போட்டுப் பாருங்களேன் என்றேன். "அவதான் மொதல்ல கேக்கணும்" என்றார். ஸ்டீரியோ வாயை மூடிக்கொண்டு வந்தது. எனக்கு அப்போதே அவர்மேல் கோபம் முக்கால்வாசி போய்விட்டது.

கோமுகி அணையைத் தாண்டியதும் வளைவுகள் ஆரம்பித்தன. இரண்டாவது வளைவில் என் போனில் சிக்னல் போனது. நான்காவதில் காலையில் தின்ற இட்லி திரும்பி வரப் பார்த்தது. எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, இயற்கை எழிலைக் கண்ணை இறுக மூடி ரசித்தேன். நல்லவேளையாக இன்ஜினுக்கும் என் நிலைமைதான். பெரியார் அருவிக்குப் பக்கத்தில் புகை கக்கி நின்றது. கொளஞ்சி அருவித் தண்ணீரை மொண்டு வந்து ரேடியேட்டருக்கு ஊற்றினார். நான் என் முகத்துக்கு ஊற்றிக்கொண்டேன். ரோட்டோரம் ஒரு பெண் பலாச்சுளை விற்றுக்கொண்டிருந்தாள். குற்றாலத்துப் பலாவைவிட இனிப்பு கம்மி, மணம் ஜாஸ்தி. பாருங்கள், மூன்றே நாளில் கம்மி ஜாஸ்தி எனக்கும் ஒட்டிக்கொண்டது.

மேலே வெள்ளிமலையில் செண்பகத்தின் குவார்ட்டர்ஸ் வாசலில் முதலில் கண்ணில் பட்டது அவளுடைய பெட்டி. கட்டித் தயாராக வைத்திருந்தாள். லீவும் சொல்லியாயிற்று. "என்னட்டி இப்படி மெலிஞ்சிட்ட" என்றேன். "நீ குண்டாயிட்ட" என்றாள். கட்டிக்கொண்டோம். எனக்குச் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டாள். கொளஞ்சி உள்ளே வரவில்லை. கார் பக்கத்திலேயே நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் ஒரு தட்டில் சோறு போட்டு, அவரைப் பார்க்காமல், காரின் முன்பக்க மூடியின் மேல் வைத்துவிட்டு வந்தாள்.

"நான் வந்துருதேன்க்கா ஒன்கூட" என்றாள் கை கழுவும்போது. "பாட்ட போன்ல கேக்கலாம். அதுக்கா நான் கோவப்படுதேன்? அந்தக் கார்ல எல்லாருக்கும் பாட்டு இருக்கு. எனக்கு இல்ல. என் தட்டு கிளிக்குப் போச்சு. அந்த வீட்டுல நான் எங்க இருக்கேன்னு எனக்கே தெரியல." கண் கலங்கியது. எனக்கும்தான்.

பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தோம். கொளஞ்சி முன் கதவைத் திறந்து பிடித்தார். "செம்பகம். ஒரு பாட்டு கேளு. அப்பறம் உன் இஷ்டம்."

அவள் முன் சீட்டில் உட்கார்ந்தாள். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். ஸ்டீரியோ சிடியை விழுங்கி, முனகி, பாட ஆரம்பித்தது. மழைப் பாட்டு. அவள் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆற்றங்கரைப் பாட்டு. அப்போதும் அப்படியேதான். ஜன்னல் கம்பிப் பாட்டு வந்ததும் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அக்கா, இது ஒன் பாட்டுல்லா?"

"ஏட்டி, உனக்குப் புடிச்சதுல்லா?"

"எல்லாமே ஒன் பாட்டு. அடுப்படில நீ போட்டுட்டே இருப்ப. எனக்கு வேற போக்கிடம் இல்லாம கேட்டேன்."

என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஸ்டீரியோவில் கதாநாயகி எனக்கும் சேர்த்து அழுதுகொண்டிருந்தாள். கொளஞ்சிக்கு வியர்த்துவிட்டது. "இன்னொண்ணு கீது, இன்னொண்ணு கீது" என்று அவசரமாக முதல் சிடியைத் துப்ப வைத்து, இரண்டாவதைச் செருகினார். சுற்றியது. மறுபடியும் சுற்றியது. சின்னத் திரையில் நோ டிஸ்க் என்று வந்தது. வெளியே எடுத்து, ஊதி, மறுபடியும் போட்டார். நோ டிஸ்க்.

வெயிலில் திருப்பிப் பார்த்தார். பதிந்த சிடி என்றால் நடுவிலிருந்து ஒரு வட்டம் நிறம் மாறித் தெரியும். இதில் எதுவும் இல்லை. கரண்ட் வந்த பிறகு, உறையில் பெயர் இருப்பதைப் பார்த்துப் பதிந்தாயிற்று என்று ஸ்டுடியோக்காரர் தூக்கிக் கொடுத்திருக்கிறார்.

"ஒண்ணுமே ஏத்தல" என்றார் கொளஞ்சி. அந்தக் குரலைக் கேட்டால் அழுகிற குழந்தை அழுகையை நிறுத்தி அவருக்கு ஆறுதல் சொல்லும். "சும்மா தட்டு."

செண்பகம் அதை வாங்கினாள். உறையில் இருந்த தன் பெயரைப் படித்தாள். திருப்பி உள்ளே பார்த்தாள். திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் மெதுவாக, பிறகு சீட்டில் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வர.

"இதுல யாரு பாட்டும் இல்லல்ல?"

"இல்ல."

"அத்தை பாட்டு, தம்பி பாட்டு, அக்கா பாட்டு?"

"ஒண்ணும் இல்ல செம்பகம்." ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். "உனக்கு இன்னா பாட்டு புடிக்கும்?"

அவள் சிரிப்பு நின்றது. அவரையே பார்த்தாள். அஞ்சு வருடத்தில் அவர் கேட்ட முதல் தடவை அதுதான் என்பது அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எனக்கு அந்த இடத்தில் காரை விட்டு இறங்கிவிட வேண்டும் போல இருந்தது. ஆனால் கதவு உள்ளிருந்து திறக்காது, பழைய கார்.

"இப்பச் சொல்ல மாட்டேன்" என்றாள். "அந்த ஸ்டுடியோல நான் உக்காந்து, ஒவ்வொண்ணாச் சொல்லுவேன். நீங்க பக்கத்துல உக்காந்து கேக்கணும். பாதியில எந்திரிச்சுப் போகக்கூடாது."

"போவமாட்டேன்."

"அத்தை பாட்டு வெள்ளிக்கிழமைக்கு இருக்கட்டும். மத்த நாளு இதுதான்."

"சரி."

பெட்டி டிக்கியில்தான் இருந்தது. ஆனால் அது இப்போது பாளையங்கோட்டைக்குப் போகவில்லை என்று எனக்குப் புரிந்தது. அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். மலை இறங்கும்போது ஸ்டீரியோ பாடவில்லை. அந்தக் காலி சிடியை அவள் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தலை சுற்றவும் இல்லை.

மறுநாள் சின்னசேலத்தில் இருவருமாக என்னை ரயிலேற்றினார்கள். வழிக்குத் தேனும் சாமை அரிசியும் கொடுத்தார்கள். கூடவே செண்பகம் முதல் சிடியையும் என் கையில் திணித்தாள். "இது ஒனக்குத்தான்க்கா." எனக்குக் காரும் கிடையாது, அதைப் போட்டுக் கேட்க வேறு எதுவும் கிடையாது. கொண்டுவந்து மொட்டை மாடியில் வற்றல் பாய்க்கு மேலே கட்டிவிட்டேன். கள்ளக்குறிச்சிக் கிளிக்குத்தான் அந்தப் பயம் எல்லாம். எங்கள் ஊர்க் காக்கை அதில் தன் அழகைப் பார்த்துவிட்டு, அப்புறம் வற்றலைத் தூக்கிக்கொண்டு போகிறது.

வெறுங்கையோடு வந்ததற்கு அம்மா திட்டித் தீர்த்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை செண்பகம் போன் செய்தாள். காரில் போய்க்கொண்டிருக்கிறார்களாம், தியாகதுருகத்தில் ஒரு கல்யாணத்துக்கு. அவள் பேச்சுக்குப் பின்னால் ஒரு பாட்டு கேட்டது. தவிலும் கிதாருமாக ஒரே அமர்க்களம். நடுவில் கொளஞ்சியின் குரல், தப்புத் தப்பாக, கூடவே பாடிக்கொண்டிருந்தது.

"என்ன பாட்டுட்டி இது? நான் கேட்டதே இல்லையே" என்றேன்.

"தெரியும்க்கா" என்றாள். கார் ஜன்னல் கண்ணாடியை ஏற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு போனை ஸ்டீரியோவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள்.